அடிக்கடி கீழே விழும் சிறுவன்... சோம்பேறித்தனமா, தசைச்சிதைவா? டிஸ்ட்ரோபின் புரதம் செய்யும் வேலை என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடிகொண்டிருக்கும் சுவாமியின் பெயரே வைத்தியநாதர். திருமலை நாயக்கரின் வயிற்று வலி இங்கே தீர்ந்தது என்பது ஐதீகம். நோய் தீர வேண்டி இன்றும் குடும்பங்கள் வருகின்றன. ஆண் குழந்தை உள்ள எல்லா குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நோய், டுஷென் தசைச்சிதைவு. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுக்குத் தூணும் உத்திரமும் மாதிரி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரத இழைகளால் ஆன ஒரு சட்டகம் உண்டு. தசை செல்லில் அந்தச் சட்டகத்தை வெளிச்சவ்வோடு இழுத்துக் கட்டும் கயிறுதான் டிஸ்ட்ரோபின். கயிறு இல்லாவிட்டால், தசை சுருங்கும்போதெல்லாம் சவ்வு கிழியும். கால்சியம் உள்ளே புகும். செல் செத்து, அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் சேரும். கெண்டைக்கால் பெருத்துத் தெரிவது இதனால்தான், பலத்தால் அல்ல.

அம்மா மேல் தப்பா?

இல்லை. இந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது ஒன்றுதான் என்பதால் மாற்று கிடையாது. மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே பழுது வருகிறது. 'சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலதான்' என்ற பேச்சும் இந்த நோய்க்குப் பொருந்தாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடிப்படி ஏறத் திணறுவது, தொடையில் கை ஊன்றி எழுவது, நுனிக்காலில் நடப்பது ஆகியவை அறிகுறிகள். ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூடியிருந்தால் கல்லீரல் கோளாறு என்றே பலரும் நினைப்பாங்க. ஆனால் சிதையும் தசையிலிருந்தும் அவை வரும். கூடவே 'சிபிகே' பரிசோதனை செய்தால் குட்டு வெளிப்படும். அளவு ஆயிரக்கணக்கில் இருக்கும். உறுதி செய்ய மரபணுப் பரிசோதனை வேண்டும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் இது தெரிவது ரொம்ப முக்கியம்.

மருந்து இருக்கிறதா?

முழுமையாகக் குணமாக்க இன்னும் இல்லை. அமெரிக்கா 2023-ல் அனுமதித்த எலிவிடிஸ் மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். சிகிச்சை பெற்றவர்களில், ஏற்கெனவே நடக்கும் திறனை இழந்திருந்த 2 சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்ததால், 2025-ல் கட்டுப்பாடுகள் வந்தன. மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு, பிசியோதெரபி, இதயப் பரிசோதனை ஆகியவைதான் இப்போதைக்குக் கைகொடுப்பவை. சரியான நேரத்தில் தொடங்கினால் பிள்ளை நடக்கும் காலம் நீளும்.

தசைச்சிதைவு, 2016-ம் ஆண்டு சட்டப்படி மாற்றுத்திறன் பட்டியலில் உள்ளது. தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

கோயிலுக்குப் போங்க, வேண்டிக்கோங்க. ஆனா பையன் அடிக்கடி விழுந்தான்னா, அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க.