கதவருகே கேட்கப்படும் கேள்வி
ஹைதராபாத் தமிழர்களின் உறுப்பு, திசு தானக் கோரிக்கைச் சாசனம்

தெலங்கானா அரசின் மருத்துவத் துறைக்கும், பஞ்சகுட்டா நிம்ஸ் மருத்துவமனையிலிருந்து இயங்கும் ‘ஜீவன்தான்’ உறுப்பு தானத் திட்டத்துக்கும், இரட்டை நகரத்து மருத்துவமனைகளுக்கும், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். நாங்கள் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர், மல்காஜ்கிரி, லாலாகுடா, அல்வால் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்பவர்கள். நேற்று ரயிலேறி ஹைடெக் சிட்டிக்கு வேலைக்கு வந்தவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். தானம் என்ற பொருளில் வைத்த பெயர்தான் ஜீவன்தான். தமிழ்க் காதில் அது ‘உயிரேதான்’ என்று விழுகிறது. அதுவும் பொருத்தம்தான்.

2023இல் தெலங்கானாவில் 252 பேரின் உறுப்புகள் அவர்கள் இறந்த பின் தானமாகக் கிடைத்தன. நாட்டிலேயே அதுதான் முதலிடம். மறு ஆண்டு அது 188ஆகக் குறைந்தது, தமிழ்நாடு 268ஐத் தொட்டு முந்திக்கொண்டது. யார் முந்தினாலும் மகிழ்ச்சியே. ஆனால் ஓராண்டில் ஏறியது மறு ஆண்டில் இறங்குகிறதென்றால், தானம் இன்னும் பழக்கமாகவில்லை என்றே கொள்கிறோம்.

2025 ஜனவரி 17 இரவு எல்.பி. நகரிலிருந்து லக்டிகாபூல் மருத்துவமனைக்கு ஓர் இதயம் மெட்ரோ ரயிலில் போனது. 13 கிலோமீட்டர், 13 நிலையங்கள், 13 நிமிடம். அந்த வீடியோவைப் பார்த்து நாங்களும் கண் கலங்கினோம். எங்கள் கோரிக்கையோ அந்த 13 நிமிடத்துக்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. ஐ.சி.யூ. கதவருகே, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் ஒரு தாயிடம் யாரோ வந்து ‘பிரெயின் டெட்’ என்கிறார்கள். உள்ளே மகனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. செத்துவிட்டான் என்பதை அவள் எப்படி நம்புவாள்?

ஆகவே முதல் கோரிக்கை மொழி பற்றியது. மூளைச்சாவு என்றால் என்ன என்பதை அந்தக் குடும்பம் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். தெலுங்கு, உருது, இந்தியோடு தமிழும் தெரிந்த ஒருங்கிணைப்பாளர்கள் இரவு நேரத்திலும் கிடைக்க வேண்டும், தொலைபேசி வழியாகவேனும். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை அறிவிக்க முடியும். உறுப்பு மாற்று அறுவை செய்கிற எவரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. சட்டம் இவ்வளவு கவனமாக இருப்பது வெளியே நிற்கும் குடும்பத்துக்குத் தெரிவதில்லை. வென்டிலேட்டரை விலக்கித் தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனையை, விரும்பினால் உறவினர் ஒருவர் கூட நின்று பார்க்க அனுமதியுங்கள். கண்ணால் பார்த்தவர் சொன்னால் குடும்பம் கேட்கும்.

அடுத்தது பணம். ஒப்புதல் தந்த பின் உடலைப் பராமரிக்கவும் உறுப்புகளை எடுக்கவும் ஆகும் செலவைக் கொடையாளர் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்கின்றன 2014ஆம் ஆண்டு விதிகள். இதை ஐ.சி.யூ. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பில்லைப் பார்த்துச் சந்தேகம் கொண்ட குடும்பம் ஒப்புதல் தராது, தந்தாலும் நாளை ஊரில் நல்ல வார்த்தை சொல்லாது.

விபத்தில் இறந்தவர்களுக்குப் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. உறுப்பு தானத்துக்காக இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய அரசு 2021 நவம்பரிலேயே அனுமதித்துவிட்டது. அது எல்லா மாவட்டங்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். கொடுத்த குடும்பம் பிணவறை வாசலில் காத்துக் கிடப்பதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை. வாரங்கல், நல்கொண்டா போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலேயே மூளைச்சாவை உறுதி செய்து உறுப்புகளை எடுக்கும் வசதி முழுமையாக வேண்டும் என்றும் கோருகிறோம்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் சரூர்நகரில் சட்டவிரோதச் சிறுநீரக மாற்றுக் கும்பல் ஒன்று பிடிபட்டது. சிறுநீரகம் கொடுக்க அழைத்து வரப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று அறிந்தபோது எங்களுக்குத் தலைகுனிவாகவும் கோபமாகவும் இருந்தது. கடன்தான் அவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, 2011ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றுத் தெலங்கானா சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. உறுப்பு வணிகத்துக்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். தண்டனை ஏட்டில் இருந்தால் போதாது. எந்த உறுப்பு எந்த மருத்துவமனைக்கு, எந்த வரிசைப்படி ஒதுக்கப்பட்டது, அரசு மருத்துவமனைக்கு எத்தனை கிடைத்தது என்ற கணக்கை, பெயர்களை மறைத்து, மாதந்தோறும் வெளியிடுங்கள். ஏழை கொடுக்கிறான், பணக்காரன் வாங்குகிறான் என்ற பேச்சை அந்தக் கணக்கு மட்டுமே அடக்கும்.

மரியாதையும் கேட்கிறோம். உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு 2023 செப்டம்பர் 23 அன்று அறிவித்தது. இந்த மண்ணில் கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் அது தவறாமல் கிடைக்க வேண்டும்.

இனி எங்கள் வீடுகளுக்கு. மூளைச்சாவு அரிது. பெரும்பாலோர் வீட்டிலோ வார்டிலோ இதயம் நின்றுதான் போகிறோம். அப்போது சிறுநீரகம் கொடுக்க முடியாமல் போகலாம், கருவிழியும் தோலும் கொடுக்கலாம். பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இருக்கிறது. சென்னை பிரசாத் ஸ்டூடியோவை நிறுவிய அதே பிரசாத்தின் பெயர்தான். அதன் ராமாயம்மா கண் வங்கி 1989 முதல் இந்த ஊரில் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுச் சாவில் நடப்பதென்ன? முதல் போன் சென்னைக்கு, அடுத்தது சாஸ்திரிகளுக்கு, பிறகு ஃப்ரீசர் பெட்டிக்கு. சார்மினார் எக்ஸ்பிரஸில் தம்பி வந்து சேர மறுநாள் காலை ஆகும். கண்ணை எடுக்க இருப்பது ஆறு மணி நேரம்.

முதல் போன் கண் வங்கிக்குப் போகட்டும். அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். எடுக்க அரை மணிகூட ஆகாது, முகம் சிதையாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் கண்ணும் பயன்படும். கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறப்போம் என்பவர்களுக்குக் கண்ணப்ப நாயனாரைச் சொல்லிச் சொல்லி மேடைகள் அலுத்துவிட்டன. கண்ணை எரித்தவன் மறுபிறவியில் எதைக் கொண்டு பார்ப்பான் என்று மட்டும் கேட்டுவைக்கிறோம்.

இன்னொன்றையும் ஆண்கள் காது கொடுத்துக் கேட்கட்டும். 2023இல் நாடெங்கும் உயிரோடிருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்கள் 15,000க்கு மேல். அவர்களில் பெண்களே அதிகம். இறந்தவரிடமிருந்து கிடைத்திருந்தால் மனைவியும் தாயும் மேசையில் படுத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும், சடங்கு செய்விப்பவர்களுக்கும் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுபவர்களுக்கும் கண் வங்கி எண்ணைத் தந்து, சாவு வீட்டில் முதலில் அதை நினைவூட்டச் சொல்ல வேண்டும். பொங்கல் விழா மேடையில் ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் பேச விடுங்கள்.

பர்ஸில் இருக்கும் தான அட்டை இறந்தவருக்காகப் பேசாது. மருத்துவமனை கேட்கப்போவது மனைவியை, மகனை, அண்ணனை. அதனால் இந்தச் சாசனத்தில் கையெழுத்திட ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். இன்று இரவு சாப்பாட்டின்போது உங்கள் விருப்பத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘சாப்பிடும்போது என்ன பேச்சு இது’ என்று அம்மா திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு, நாளை வந்து கையெழுத்திடுங்கள்.