நோயும் நாட்கணக்கும்

புற்றுநோய் என்னும் சொல் வீட்டினுள் நுழைந்ததும் அவ்வீட்டாருக்கு நாட்கணக்குத் தவறிவிடுகின்றது. மருந்தேற்றிய திகதி யாது, அடுத்த கிளினிக் என்றைக்கு, இரத்தப் பரிசோதனைத் துண்டு யாரிடம் உளது என வினவினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். கவலையுற்ற மனத்துக்கு அஃது இயல்பே. ஆயினும் இந்நோய்க்கான சிகிச்சை முழுவதும் நாட்கணக்கைப் பற்றியே நடப்பதொன்று.

வன்னியிலே தூரமுஞ் சேர்ந்து இக்கணக்கைச் சிக்கலாக்குகின்றது. 2011 ஆம் ஆண்டில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து திரட்டிய நிதியினால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013 இல் கையளிக்கப்பட்டது. மஹரகம வரை செல்லவேண்டியிருந்த பலருக்கு வழி குறுகிற்று. குறுகியும் என்ன? முல்லைத்தீவிலிருந்து புறப்படுபவர் பரந்தனுக்கு வந்து, கண்டி வீதியாலே யாழ்ப்பாணஞ் சென்று, அதற்கப்பாலும் செல்லல் வேண்டும். குமட்டும் உடம்போடு அதே வழியாலே திரும்பவும் வேண்டும். காலபோக அறுவடைக் காலமாயின் வெட்டிய நெல் வயலிலேயே கிடக்கும்.

ஆதலின் ஒரு கொப்பி வாங்கிக்கொள்க. முதற்பக்கத்திலே கிளினிக் இலக்கம், ஏற்றும் மருந்துகளின் பெயர், வைத்தியசாலைத் தொலைபேசி. பின்னர் நாளுக்கொரு பக்கமாக உண்டது, வாந்தி, காய்ச்சல், நித்திரை. வைத்தியர்முன் கிடைக்கும் சில நிமிடங்களில் ஞாபகத்தை நம்புதல் ஆகாது.

மருந்தேற்றல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிகழும். ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையிலேதான் இரத்தத்தின் வெண்கலங்கள் பொதுவாக மிகக் குறைவன. அந்நாட்களைச் சிவப்பு மையினாற் குறித்து வைக்குக. காய்ச்சல் 38 பாகை செல்சியசை, அதாவது பரனைற்றுக் கணக்கில் 100.4 ஐ எட்டினால், பனடோல் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்றிருத்தல் உயிருக்கே ஆபத்து. தெல்லிப்பழைக்கு ஓடவும் வேண்டாம். கிளிநொச்சியோ மாஞ்சோலையோ வவுனியாவோ, அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, மருந்தேற்றிய திகதியை முதலிற் கூறுக. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் உண்டு. அவ்விரவு உடன் செல்பவர் யார், வீட்டில் நிற்பவர் யார் என்பதைப் பகலிலேயே பேசி எழுதிவைத்தல் நன்று.

மாணவரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வைத்தியசாலைத் தாள்கள் ஆங்கிலத்தில் இருத்தலின், உயர்தர வகுப்பிற் படிக்கும் பிள்ளையே பல வீடுகளில் அவற்றுக்குப் பொறுப்பாகின்றது. தாயின் நோய் இன்னதென்று வீட்டில் முதலில் வாசித்தறிவதும் அப்பிள்ளையே. பதினெட்டு வயதுக்கு அது பெருஞ்சுமை. எழுத்து வேலை அப்பிள்ளையிடம் இருக்கட்டும். பயணத்தைப் பெரியவர்கள் ஏற்கட்டும். மாலையில் இரண்டு மணி நேரமாயினும் எவரும் அப்பிள்ளையைக் கூப்பிடலாகாது. வகுப்பாசிரியருக்கும் செய்தியைச் சொல்லிவிடுக. காரணம் அறியாமல் ஆசிரியர் ஏசுவதும், பிள்ளை வாய்திறவாமல் நிற்பதும் வகுப்பறைகளில் நாம் காணாதனவல்ல.

பாசத்துக்குங் கணக்கா எனக் கேட்கும் உறவினரும் உளர். அவர்கள் பெரும்பாலும் ஒரு பை தோடம்பழமும் ஒரு புதிய வைத்தியமும் கொண்டு வருவர். பழத்தை வாங்கிக்கொள்க, வைத்தியத்தைக் கொப்பியிற் குறித்துவைத்து, வைத்தியரைக் கேளாமற் கொடாதிருக்க. சிவப்பு மை நாட்களிலே தடிமனோடு வருபவரை முற்றத்தில் இருத்தித் தேநீர் கொடுத்தனுப்புதல் மரியாதைக் குறைவாகாது. "ஏதும் உதவி வேண்டுமா?" என்று கேட்பவரிடம், வியாழக்கிழமைச் சமையலையோ சின்னப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதையோ ஒப்படைத்து, அவர் கண்முன்னே பெயரை எழுதிக்கொள்க.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் துணையிருப்பவர் தமக்கென ஒதுக்கிக்கொள்ளட்டும். அவருடைய பிரஷர்க் குளிசை முடியும் திகதியும், அவருடைய கிளினிக் நாளும் அங்கே இருத்தல் வேண்டும். தாயைப் பராமரிக்கச் சென்று, தமது நீரிழிவுக் குளிசையை இரு மாதமாக வாங்காதிருந்தவர்களையும் நாம் அறிவோம்.