சோளத்தோல் பாப்பா

தை மாதம் பூலாம்பாடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பெரம்பலூர்ப் பக்கம் அது மக்காச்சோளம் ஒடிக்கிற சமயம். மானாவாரிக் காடுகளிலிருந்து வந்த கதிர்கள் வாசலிலேயே குவிந்து கிடந்தன. தங்கை மகளுக்கு நாலு வயது. நான் ஆசையாக வாங்கிப் போன பாட்டரி மோட்டார், ஒரு மணி நேரத்துக்குள் திண்ணை மூலையில் கவிழ்ந்துவிட்டது. அம்மணி உரித்துப் போட்ட சோளத்தோலுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டாள்! எண்பது ரூபாயோ எண்ணூறு ரூபாயோ, குழந்தைக்கு அதெல்லாம் கணக்கா?

சரி, அந்தத் தோலிலேயே ஒரு பாப்பா செய்வோம் என்று ஆரம்பித்தோம். நீங்களும் செய்து பாருங்கள். பட்டணத்தில் இருக்கிறவர்கள் தோலுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். தெருவில் சோளம் சுட்டு விற்கும் தள்ளுவண்டிக்காரர் உரித்துப் போடுவதைக் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்.

கதிரை ஒட்டியிருக்கும் மெல்லிய உள்தோல்தான் நல்லது. காய்ந்திருந்தால் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறட்டும். ஐந்தாறு தோல்களை அடுக்கி, ஒரு முனையை வாழைநாரால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு வாழைப்பழம் உரிப்பதுபோல் ஒவ்வொரு தோலாக அந்தக் கட்டுக்கு மேலே மடித்து இறக்குங்கள். கட்டு உள்ளே மறைந்துவிடும். அதற்கு ஓர் அங்குலம் கீழே இன்னொரு கட்டுப் போட்டால் தலையும் கழுத்தும் வந்துவிட்டன. ஒரு தோலைச் சுருட்டிக் குறுக்கே நுழைத்தால் கைகள். அதன் கீழே இடுப்புக் கட்டு. மிச்சம் விரிந்து நிற்பதுதான் பாவாடை. பையன் வேண்டுமா? பாவாடையை இரண்டாகப் பிரித்துக் கணுக்காலில் கட்டிவிடுங்கள். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். நிழலில் உலர்த்த வேண்டும்.

மக்காச்சோளம் மெக்ஸிகோவிலிருந்து உலகுக்கு வந்த பயிர். வட அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஹோடினோஷோனி மக்கள் வெகு காலமாக இந்தத் தோலில் பொம்மை செய்கிறார்கள். அவர்கள் வழக்கப்படி அந்தப் பொம்மைக்கு முகம் எழுதுவதில்லை. நாங்களும் எழுதவில்லை. எங்களிடம் மை இல்லை, அவ்வளவுதான்! ஆனால் குழந்தை அதை ஒரு சமயம் அழ வைத்தாள், ஒரு சமயம் தூங்க வைத்தாள். எழுதிய முகமாயிருந்தால் எந்நேரமும் சிரித்துக்கொண்டல்லவா இருந்திருக்கும்?

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன். அவள் தானாகச் செய்த பாப்பாவுக்கு ஒரு கைதான் இருந்தது, கழுத்தும் கோணல். இரவு அவள் தூங்கிய பிறகு நான் அதைப் பிரித்து, லட்சணமாகக் கட்டி, தலைமாட்டில் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது என் பாப்பா இல்ல, பெரியம்மா. என் பாப்பாவ எங்க போட்டீங்க?"

"இதுதாண்டி கண்ணு, பெரியம்மா அழகு பண்ணியிருக்கேன்."

அவள் அழக்கூட இல்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். தங்கை என்னைப் பார்த்து, "உனக்கு எதுக்குக்கா இந்த வேல?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிஸோரி அம்மையார், குழந்தை தானே செய்யக்கூடியதைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது உதவியல்ல, இடைஞ்சல் என்ற கொள்கை உடையவர். நான் அதைப் புத்தகத்தில் படித்தவள்தான். புத்தி வந்தது குப்பைக் கூடையைப் பார்த்த பிறகு!

இரண்டு வயதுக் குழந்தைக்கு முடிச்சுப் போட வராது. அதற்கு முத்து உதிர்த்த சக்கையைக் கொடுங்கள். அரிசி மாவை மாக்கோலத்துக்குப்போல் கரைத்து மஞ்சள் பொடி சேர்த்து, சக்கையை அதில் தோய்த்துப் பழைய செய்தித்தாளில் உருட்டச் சொல்லுங்கள். புள்ளிப் புள்ளியாக விழும். பழைய சட்டையாகப் போட்டுவிடுங்கள். மஞ்சள் கறை லேசில் போகாது. தோலைக் கிழிப்பதுகூடச் சின்னதுகளுக்கு நல்ல விளையாட்டு. நீளவாக்கில் சர்ரென்று கிழியும்.

ஒன்றில் மட்டும் வெகு ஜாக்கிரதையாக இருங்கள். உதிர்ந்த சோள முத்து, புளியங்கொட்டை, மணி எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை கையில் அகப்படக் கூடாது. தொண்டையில் அடைத்தால் ஆபத்து. மூக்கில் போன முத்து ஈரம் பட்டு ஊறிப் பெருக்கும். ஹேர்பின்னால் நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விளையாட்டு முடிந்ததும் தரையைக் கூட்டி, பாய்க்கு அடியிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டு நாளில் பாப்பா உலர்ந்து, கட்டுகள் தளரும். தலை ஆட ஆரம்பிக்கும். அப்போது குழந்தையைக் கேட்டுக்கொண்டு, நாரை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிக் கொடுங்கள். கை ஒன்றுதான் இருந்தால் ஒன்றே இருக்கட்டும்.