கல்லில் வெட்டிய கணக்கும் கணினி அறைப் பதிவேடும்

திருச்செந்தூர்க் கோவிலில் வரகுண மகாராசரின் கல்வெட்டு ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரலாற்று ஆர்வலர்கள் அதனை வட்டெழுத்துக்காகவும் பாண்டியர் காலத்துச் செய்திகளுக்காகவும் போற்றுவர். நாம் இங்கே அதை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்கொண்டு பார்க்க விழைகிறோம். அரசர் 1,400 காசு கொடுக்கிறார். அக்காசு ஊர்கள் பலவற்றின் பொறுப்பில் முதலாக வைக்கப்படுகிறது. எவ்வூரிடம் எத்தனை காசு, அதன் பொலிசையாக ஆண்டுதோறும் அளக்க வேண்டிய நெல் எவ்வளவு, அந்நெல்லைக் கொண்டு கோவிலில் எந்தெந்தச் செலவு நடக்க வேண்டும் என்று கல்வெட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறது. கொடுத்தவரும் எழுதியவரும் மறைந்த பின்பு வருகின்ற ஒருவர், எவரையும் வினவாமல் ஏற்பாடு முழுவதையும் அறிந்துகொள்ளலாம். நல்ல பதிவு என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

இனி, நம் காலத்து நிறுவனம் ஒன்றின் கணினி அறைக்கு வருவோம். அது கல்லூரியாக இருக்கலாம். கூட்டுறவுச் சங்கமாகவோ மருத்துவமனையாகவோ அச்சகமாகவோ இருக்கலாம். மொத்தம் எத்தனை கணினிகள்? சர்வரில் ஓடுவது எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு? அதன் உரிமம் என்று முடிகிறது? இணையத்தோடு இணைந்தவை எவை? காப்புப்பிரதி எங்கே சேமிக்கப்படுகிறது? பல இடங்களில் இக்கேள்விகளுக்கெல்லாம் கிடைக்கும் விடை ஒன்றே: "அது அந்தத் தம்பிக்குத்தான் தெரியும்." தம்பி வேறு வேலை கிடைத்துச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால், நிறுவனத்தின் நினைவும் அவரோடு கப்பலேறிவிடுகிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் இழப்பிலிருந்தே தொடங்குவோம். ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் எத்தனையோ வகை எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது. இணையத்தில் தகுதரம் எனப்பட்ட திஸ்கி புழங்கியது. பாமினி போன்ற எழுத்துருக்கள் தத்தம் வழியில் சென்றன. 2010இல்தான் ஒருங்குறியும் டேஸ் 16 குறியேற்றமும் அரசின் தரங்களாயின. அக்காலத்துக் குறுந்தகடு ஒன்றை இன்று திறப்பவருக்குக் கோப்பு கிடைக்கிறது, தமிழ் கிடைப்பதில்லை. எந்த எழுத்துரு, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று உறையின்மேல் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மாற்றிக்கொள்ள நிரல்கள் இருக்கின்றன. அவ்வரி இல்லாமையால் நூலும் இல்லாததற்குச் சமமாகிறது.

நிறுவனங்களில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. திருச்செந்தூரிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று சென்றால் கூடங்குளம் வரும். அங்குள்ள அணுமின் நிலையத்தின் கணினியில் நச்சுநிரல் புகுந்துள்ளது என்ற செய்தி 2019 அக்டோபர் இறுதியில் பரவியது. முதலில் நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் செய்தி உண்மையே என்றது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அமைப்பு தகவல் தந்ததாகவும், தொற்று கண்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினியில் என்றும், உலையை இயக்கும் உள்வலை அதனின்று தனித்தே இருக்கிறது என்றும் விளக்கம் தந்தது. மக்களின் அச்சத்தை ஆற்றக்கூடிய சொல் அந்தக் கடைசிச் சொல்தான். எந்தக் கணினி எந்த வலையோடு இணைந்துள்ளது என்பதைத் திருத்தமாக எழுதி வைத்து, நேரில் சோதித்தும் பார்க்கும் நிறுவனமே அப்படியொரு சொல்லை உறுதியோடு சொல்ல முடியும்.

2021 டிசம்பரில் உலகம் முழுவதும் இதே பாடம் கற்பிக்கப்பட்டது. லாக்4ஜே என்னும் சிறிய மென்பொருட்கூறில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. திருத்திய பதிப்பு விரைவிலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் அக்கூறு தம்மிடமுள்ள எந்தெந்த மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பல நிறுவனங்களுக்குப் பெரும்பாடாயிற்று. மருந்து கையில் இருந்தும் நோயாளி யார் என்று தெரியாத நிலை அது.

சரி, ஒரு பட்டியல் எழுதிவிட்டால் தீர்ந்ததா? இல்லை என்பதே நம் கருத்து. இதற்கும் கோவிலிடமே பாடம் கேட்கலாம். தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒவ்வொரு கோவிலுக்கும் பதிவேடு வேண்டும் என்கிறது. வரலாறு, நிலம், பத்திரங்கள், நகைகள், அவற்றின் எடையும் மதிப்பும் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். அடுத்து வரும் 30ஆம் பிரிவு ஆண்டுதோறும் சரிபார்க்கப் பணிக்கிறது. பதிவேட்டில் மாற்ற வேண்டியது, விடுபட்டது, சேர்க்க வேண்டியது ஆகியவற்றை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஏடு எழுதியவுடனே பழசாகத் தொடங்கிவிடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

கணினிப் பதிவேட்டுக்கும் அந்த 30ஆம் பிரிவே உயிர். பிழையான பதிவேடு, பதிவேடு இல்லாமையைவிடக் கேடானது. இல்லையென்றால் தேடவாவது செய்வோம், பிழையாக இருந்தால் நம்பி ஏமாறுவோம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை இருவர் அமர வேண்டும். ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றவர் பொறியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நகையை நிறுத்துப் பார்ப்பது போன்றதுதான் இது. இடையில் எதை மாற்றினாலும் அன்றைக்கே நாள், மாற்றம், காரணம், மாற்றியவர் பெயர் என நான்கையும் குறித்துவிட வேண்டும். வலையில் உள்ள பொறிகளைத் தாமே தேடிப் பட்டியலிடும் மென்பொருள்கள் உண்டு; அவை நன்று. ஆனால் இருப்பது எது என்பதைத்தான் அவை சொல்லும். ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும்.

இத்தகைய ஏடு திருடர் கையில் சிக்கினால் ஆபத்தாயிற்றே என்று சிலர் அஞ்சுவர். அச்சம் நியாயமானதே. கடவுச்சொற்களை அதில் எழுதலாகாது. அவை இருக்குமிடத்தையும் பொறுப்பாளரையும் மட்டும் குறித்தால் போதும். ஏட்டைப் பார்க்கத் தக்கவர் யார் என்றும் வரையறுத்துவிடலாம். நகைப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்பதற்காக யாரும் நகைக் கணக்கை எழுதாமல் விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை இவ்வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் சுமார் 69 செ.மீ. தாமிரபரணி கரைமீறியது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றது. அப்படியொரு வெள்ளத்தில் சர்வர் மூழ்கினால் புதியது வாங்கலாம். பழையது எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது என்னும் குறிப்பும் அதே சர்வருக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே ஏட்டின் ஒரு படி தாளிலும், ஒரு படி வேறு ஊரிலும் இருப்பது நலம்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சிறிய நிறுவனத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், ஆண்டில் ஒரு நாளும், பொறுப்பேற்க ஒருவரும் போதும். நூலகம், வாசகர் வட்டம், சிற்றிதழ் நடத்தும் நம் அன்பர்கள் இதை முதலில் தொடங்கலாம். தம்மிடம் உள்ள கோப்புகள் எந்த எழுத்துருவில், எந்த மென்பொருளில் உள்ளன என்று தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுதி வைத்துவிடட்டும்.