பொட்டாஷ் மூட்டையில் ஏறும் கப்பல் செலவு

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். ஏரித் தண்ணீர் ஊரிலேயே இருக்கிறது. வயலுக்குப் போடும் பொட்டாஷ் அப்படியில்லை. கனடா, ரஷ்யா, ஜோர்டான் என்று எங்கிருந்தோ கப்பலேறித்தான் வர வேண்டும்.

அந்தக் கப்பல் குடிக்கும் எண்ணெயைப் பற்றித்தான் இப்போது உலகச் சண்டை. உலகின் கரியமில வாயுவில் சுமார் 3 சதவீதம் கப்பல்கள் விடுவது. வரம்பை மீறும் புகைக்கு டன்னுக்கு 100 முதல் 380 டாலர் வரை வசூலிக்க, 2025 ஏப்ரலில் லண்டனில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒப்புதல் தந்தது. இந்தியாவும் ஆதரித்தே ஓட்டுப் போட்டது. அக்டோபரில் அமெரிக்காவும் சவுதியும் முட்டுக்கட்டை போட, இறுதி முடிவு ஓராண்டு தள்ளிப்போனது.

எரிபொருளை மாற்றிவிடலாமே? பசுமை மெத்தனால் இருக்கிறது. ஆனால் விலை அதிகம்; அதே தூரம் ஓட இரண்டு மடங்குக்கும் மேல் நிரப்ப வேண்டும். டேங்க் பெருத்தால் சரக்குக்கு இடம் ஏது? தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் மெத்தனால் நிரப்பும் வசதிக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 750 கன மீட்டர்தான், செலவு 35.34 கோடி ரூபாய்!

கப்பல்காரர் இதையெல்லாம் சரக்குக் கூலியில் ஏற்றுவார். யூரியா என்றால் விவசாயிக்குக் கவலையில்லை, விலையை அரசே நிர்ணயிக்கிறது. பொட்டாஷுக்கு 2010 முதல் கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம்தான் நிர்ணயம். கூலி ஏறும்போது மானியமும் ஏறாவிட்டால், மீதி பாகூர் உரக்கடையில் மூட்டை விலையாகத்தான் வந்து நிற்கும்.

வசூலாகும் பணத்தில் வளரும் நாடுகளுக்கும் உதவுவதாக லண்டன் திட்டம் சொல்கிறது. டெல்லி கேட்டு வாங்க வேண்டிய இடம் அதுதான்.