ஹந்தானையில் உருவான மின்கலம்

கண்டி வாவிக்கரையில் உலவும் அன்பர்கள் ஹந்தானை மலையின் எழிலைக் கண்டு களிப்பர். அதன் சாரலில், இன்று தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் எனப்படும் கலைக்கோயிலில், உலகத்து விஞ்ஞானிகள் உற்றுநோக்கிய ஆராய்ச்சியொன்று நிகழ்ந்ததைப் பலர் அறியார்.

பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பவர் நூற்றில் ஒரு பங்குக் கலப்பையும் பொறார். மின்னியற் கருவிகளுக்குரிய சிலிக்கனிலோ, நூறு கோடி அணுக்களுள் ஒன்று அயலானது எனினும் கணக்கிற் கொள்ளப்படும். அத்தகைய தூய்மைக்கு ஆகும் பொருட்செலவு பெரிது. வெயிலை மின்னாக்குவதற்கு எளிய வழி வேறு உண்டா?

1991ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலே ஓ’ரீகன், கிரெட்செல் ஆகிய இருவரும் ஒரு வழி காட்டினர். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துகட் படலத்திற்குச் சாயமூட்டினர். சாயம் ஒளியை உட்கொண்டு இலத்திரனை ஈயும். ஈந்த குறையை அயடைட்டுக் கரைசல் நிரப்பும். ஆயினும், கரைசல் ஒழுகும், ஆவியாகும்.

இக்குறையைக் களைய முற்பட்டோருள் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் குழுவினரும் முன்னின்றனர். 1995இல் அவர்கள் திரவத்தை அகற்றி, ஒளிபுகும் குறைகடத்தியாகிய செப்பு அயடைட்டைத் திண்மமாகவே இட்டனர். சாயமோ, மலர்களுக்கு நிறமூட்டும் சயனிடின்!

புதிய இடரொன்று தோன்றிற்று. செப்பு அயடைட்டின் பளிங்குகள் பருத்து வளர்ந்தமையால், படலத்தின் நுண்துளைகளுள் நன்கு நுழையவில்லை. 2002இல், யப்பானிய அறிஞருடன் கூடி, தயோசயனேற்று உப்பொன்றைச் சிறிதளவு சேர்த்து அவ்வளர்ச்சியைத் தடுத்தனர். கலப்பனைத்தும் மாசன்று என்பது இதனாற் புலனாகும். அறியாது சேர்வது நஞ்சு. அளவறிந்து சேர்ப்பது மருந்து.

இனி நம் நாட்டு நிலையை எண்ணுவோம். திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று மிகுந்துள்ளது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கூடியது அது. அதனைத் தூய ஒட்சைட்டாக்கினால் மதிப்பு பன்மடங்கு உயரும். எனினும் அதன் பெரும்பகுதி மணலாகவே கப்பலேறி வந்துள்ளது. நெல்லை மலிவாய் விற்று, சோற்றை விலைகொடுத்து வாங்கும் குடும்பம் செழிக்குமோ?

மணலைத் தந்தது கடல். அதைத் துய்க்கும் அறிவு ஹந்தானைச் சாரலில் உண்டு. இரண்டையும் இணைக்கும் ஆலையும் ஊக்கமுமே வேண்டுவன. அறிவியல் பயிலும் நம் இளைஞர் இதனைத் தம் கடனாகக் கொள்வாராக.