‘ஆர்வமில்லாத’ பிள்ளைகளும் 20 கிலோமீட்டரும்

“அரசு எவ்வளவு செய்தாலும் குடிசைப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் வருவதில்லை.” மயிலாப்பூர் பூங்காக்களிலும் அடையாறு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களிலும் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் இதையே ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

இந்த ‘ஆர்வத்தை’ ஒரு தேதியோடு வைத்துப் பார்ப்போம். 2022 மே 5 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வும் மறுநாள் பத்தாம் வகுப்புத் தேர்வும் தொடங்கின. அதே நாட்களில்தான் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய்க்கரை ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவைக் காட்டி, இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்கும் வேலை நடந்தது. மே 8 அன்று அங்கே ஒரு பெரியவர் தீக்குளித்தார், மறுநாள் இறந்தார். வாசலில் ஜேசிபி நிற்கும்போது பரீட்சைக்குப் படிக்க முடியாத பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று யார் சொல்வது?

இடிப்புக்குப் பிறகு அரசு கைகாட்டும் இடம் பெரும்பாக்கம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அம்மாவுக்கு வேலை மந்தைவெளி வீடுகளில் என்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அக்காவின் பொறுப்பாகிறது. பழைய பள்ளியிலேயே தொடர்ந்தால் முதல் பீரியட் போகும்; நடுவாண்டில் பள்ளி மாறினால் அந்த ஆண்டே போகும். ‘பஸ் பாஸ் இலவசம்தானே?’ என்பார்கள். டிக்கெட் இலவசம்தான், நேரம் இலவசமில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய் உண்மையான உதவி. ஆனால் அது கல்லூரி வாசல்வரை வந்துசேர்ந்தவர்களுக்கு. பத்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டவருக்கு எட்டாது.

வேலைக்கு வருவோம். கண்ணகி நகருக்குப் பக்கத்திலேயே ஓ.எம்.ஆர். ஐடி கட்டடங்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைக்கு அங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள். ஆனால் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதத் தயங்குகிறார்கள். சாதியைக் கேட்காமலே சாதியைத் தெரிந்துகொள்ள இந்த நகரம் கண்டுபிடித்த வழி முகவரி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்ற இந்தியக் கபடி அணி தங்கம் வென்றபோது எல்லோரும் கைதட்டினோம். ஓர் ஊரின் கெட்ட பெயரைத் துடைக்க ஒரு சிறுமி தங்கம் வெல்ல வேண்டியிருக்கிறது என்றால், வெல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

1953-இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கும்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சொல்லிப் பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். அன்றைக்கு எதிர்க்க ஓர் அரசாணை இருந்தது. இன்று எந்த ஆணையும் வேண்டாம். பாதி நாளை பஸ் தின்றுவிடுகிறது. மீதியில் பிள்ளைகள் அம்மாவின் துடைப்பத்துக்கோ அப்பாவின் கூலிக்கோ போய்ச்சேருகிறார்கள். பிறகு அதை அவர்களுடைய ‘தேர்வு’ என்கிறோம்.

முடியாததைக் கேட்கவில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. நொச்சிக்குப்பம் மயிலாப்பூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. கோவிந்தசாமி நகர் மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போனபிறகு முடிகிறது என்றால், அதற்கு முன்பும் முடிந்திருக்கும்.

இட ஒதுக்கீட்டுக்காகக் குரல் கொடுக்கும் நாம், இருக்கும் இடத்துக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். அடுத்த குடியிருப்பில் அதிகாரிகள் அளவெடுக்க வரும்போது இரண்டு கேள்விகளோடு போய் நிற்போம்: இங்கே எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? நீங்கள் தரும் வீட்டிலிருந்து அவர்கள் பள்ளி எத்தனை கிலோமீட்டர்?